பேச்சியக்கா பார்த்த திசை

தம்பி,

பொங்கலுக்கு வந்தபோது நீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நாற்பத்திரண்டு வயதில் வெள்ளெழுத்து வருவது நோய் இல்லை, கண்ணுக்குள் இருக்கிற வில்லை விறைத்துப்போவதுதான் என்று சொன்னாய். மருந்து அட்டையை நான் கை நீட்டி எட்டப் பிடித்து வாசிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னும் ரெண்டு வருசத்துல உன் கை பத்தாதும்மா" என்று கேலி செய்தாய். அன்றைக்கு நாம் இரண்டு பேரும் சிரித்தோம். மறுநாளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய். நான் பாதி சொல்வதற்குள் எனக்காக ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவாய். நானும் அதை வாங்கி வைத்துக்கொள்வேன். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். எதையும் வெளியே சொல்லாத அம்மா என்று உனக்கு என்னைத் தெரியும். நம் மருந்துக்கடைக் கல்லாவுக்குக் கீழே வைத்து நான் வாசிக்கும் புத்தகங்களின் பெயரைக்கூட யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை உன்கூடப் படிக்கிற பிள்ளைகளிடம் நீ காட்டலாம். காட்ட வேண்டும் என்றே நினைக்கிறேன்.

போன வாரம் நீ பேசியபோது உன் குரலில் அத்தனை சந்தோஷம். உன் ஆஸ்பத்திரிக் கண் பிரிவில் உப்பளத்துப் பேச்சியக்காவின் கேஸை எல்லோர் முன்பும் எடுத்துச் சொன்னாயாம். மற்றவர்கள் எல்லாம் கருவியை எடுத்துக்கொண்டு கண்ணைப் பார்க்க ஓடுகிறார்கள், இவன் ஒருத்தன்தான் உட்கார்ந்து நோயாளி சொன்னதைக் கேட்டிருக்கிறான் என்று உன் பேராசிரியர் சொன்னாராம். "ஹிஸ்டரிதாம்மா பாதி வைத்தியம்" என்றாய். இன்னொன்றும் சொன்னாய். ஆறு மாதம்தானே அந்தக் கண் சொட்டு மருந்தை ஊற்றியிருக்கிறாள், நிறுத்தினாலே இடது கண்ணின் அழுத்தம் தானாக இறங்கிவிட வாய்ப்பு இருக்கிறது, அதனால் இப்போதைக்கு அழுத்தம் குறைக்கும் சொட்டு மட்டும் கொடுத்துப் பொறுத்துப் பார்க்கிறார்கள், ஆபரேஷனா இல்லையா என்பதை அடுத்த வியாழக்கிழமை பார்த்துவிட்டு முடிவு செய்வார்கள் என்று. நான் கடையில் ஆள் நிற்கிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். கடையில் யாரும் நிற்கவில்லை.

அந்த ஹிஸ்டரி பொய், தம்பி. அதைச் சொன்னவள் பேச்சியக்கா. பொய் என்று தெரிந்தே பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவள் நான்.

அந்தக் காலையை நீ மறந்திருக்க மாட்டாய், இருந்தாலும் நான் பார்த்தபடி ஒரு தடவை சொல்கிறேன். பொங்கல் கழிந்த மறுநாள். உப்பளங்களில் மழைத் தண்ணீர் வடிந்து, பாத்தியை மிதித்துச் சரிசெய்கிற வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. பேச்சியக்கா தலையிடிக்கு மாத்திரை கேட்டு வந்தாள். கடைப்படியில் ஏறும்போது வலது பக்கத்துத் தூணில் தோளை இடித்துக்கொண்டாள். அந்தப் படியில் அவள் ஒன்பது வருடமாக ஏறி இறங்குகிறவள். நான் அதைப் பார்த்தேன், ஒன்றும் நினைக்கவில்லை. நீ நினைத்தாய். அவளை ஸ்டூலில் உட்காரச் சொன்னாய். உன் டார்ச்சை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு மாற்றி மாற்றி அடித்தாய். வெளிச்சம் வலது கண்ணுக்கு வரும்போதெல்லாம் அந்தக் கண்மணி சுருங்க வேண்டியதற்கு மாறாக மெல்ல விரிந்தது. பிறகு கண்ணை மூடச் சொல்லி, இமைக்கு மேலே இரண்டு ஆள்காட்டி விரல்களையும் வைத்து மாறி மாறி அழுத்திப் பார்த்தாய். "அம்மா, முதல்ல உன் கண்ண மூடித் தொடு. மூக்கு நுனி மாதிரி மெதுவா இருக்கா? இப்ப பெரிம்மா கண்ணத் தொட்டுப் பாரு" என்றாய். தொட்டேன். இமைக்குக் கீழே ஒரு கோலிக்குண்டு இருந்தது. அந்தத் தொடுதல் என் விரலைவிட்டு இன்னும் போகவில்லை.

"இது புரை மட்டும் இல்ல" என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினாய். "பெரிம்மா, கண்ணுக்கு எதும் மருந்து ஊத்துதியளா?"

"ஊத்தாம? எரிச்சலுக்குச் சொட்டு மருந்துதான்" என்று இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து வெற்றிலையோடு ஒட்டிக் கிடந்த அந்தச் சின்ன பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். எழுத்துப் பாதி அழிந்திருந்தது. நீ வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி வாசித்தாய்.

"எத்தன நாளா ஊத்துதிய?"

"ஆறு மாசம் இருக்கும்."

"யாரு குடுத்தா?"

"கேம்புல. கண்ணு கேம்பு போட்டாவள்லா, அங்கன குடுத்தாவ."

அதைச் சொல்லும்போது அவள் உன்னைப் பார்க்கவில்லை. உன் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தாள். நீ பாட்டிலின் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவள் கண்மணி எப்படிச் சுருங்குகிறது என்று அத்தனை கவனமாகப் பார்த்தவன், அவள் எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்று பார்க்கவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை. யார் பிள்ளைக்குத்தான் அந்தத் திசையில் திரும்பிப் பார்க்கத் தோன்றும்? உனக்குக் கோபம் வந்தது. ஸ்டீராய்டு கலந்த மருந்தை இப்படி அள்ளிக் கொடுத்துவிட்டுப் போகிறவன் எல்லாம் மனிதனா என்று ஏசினாய். எந்தக் கேம்ப் அது என்று என்னிடம் கேட்டாய். "யாருக்குத் தெரியும்" என்றேன்.

அது ஆறு மாதம் இல்லை, ஒன்பது வருடம். கொடுத்தது எந்தக் கேம்பும் இல்லை. நம் கடை. நான்.

நீ ஐந்தாவது முடித்த வருடம் இதெல்லாம் தொடங்கியது. நம் கடை உப்பளத்துக்குப் போகிற ரோட்டில் இருப்பதால் வேலை முடிந்து திரும்புகிற பெண்கள் எல்லோரும் நம்மைத் தாண்டித்தான் போக வேண்டும். கருக்கலில் போய் உச்சி வெயிலுக்கு முன்னே திரும்புவார்கள். வெள்ளைப் பாத்தி வெயிலைத் திருப்பி அடிக்கிற இடத்தில், காற்றில் உப்புத்தூள் பறக்கிற இடத்தில், ஏழெட்டு மணி நேரம் தலைச்சுமையோடு நடந்துவிட்டு வருகிறவர்களின் கண் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். பழுத்த கோவைப்பழம் மாதிரி இருக்கும். நிறையப் பேருக்குக் கண்ணின் ஓரத்திலிருந்து சதை வளர்ந்து கருவிழியைத் தொடப் பார்க்கும். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் வேலை போய்விடும். மறுநாள் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பாள். அதனால் என்னிடம் கேட்டார்கள். நான் முதலில் சாதாரண எரிச்சல் சொட்டுத்தான் கொடுத்தேன். அது கேட்கவில்லை. ஒரு நாள் அந்த ஸ்டீராய்டு சொட்டை எடுத்துக் கொடுத்தேன். மறுநாளே சிவப்புப் போய்விட்டது. பேச்சியக்கா கடை வாசலில் நின்று, கூட வந்தவர்களிடம் கண்ணை விரித்துக் காட்டினாள். "தங்கச்சி கை ராசியான கை" என்றாள்.

அந்தச் சொல்லுக்கு நான் மயங்கினேன். காசுக்காகச் செய்தேன் என்று சொன்னால் உனக்கு என்னை வெறுக்க வசதியாக இருக்கும், ஆனால் அது உண்மை இல்லை. உன் அப்பா ஹார்பருக்கு ஷிப்டு போகிறவர். நான் நாள் முழுவதும் கடையில் தனியாக இருப்பவள். பேச்சு வராது. ஊர்ப் பெண்கள் என்னைத் தலைக்கனம் பிடித்தவள் என்றுதான் சொல்வார்கள். இந்தப் பெண்கள் மட்டும் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்கள். சிவந்த கண்ணோடு வந்து, வெளுத்த கண்ணோடு மறுநாள் போகிற வழியில் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார்கள். டாக்டர் ஆக வேண்டும் என்று நினைத்து, இரண்டு வருட மருந்தாளுநர் படிப்போடு கல்யாணம் ஆகிவிட்ட ஒருத்திக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று உன்னால் ஊகிக்க முடியும். நீ டாக்டருக்குப் படிக்கப் போனபோது நான் அழுததற்கு நீ வேறு காரணம் நினைத்திருப்பாய்.

அந்த மருந்தை அவர்கள் பயன்படுத்திய விதத்தை எந்தப் புத்தகத்திலும் உனக்குச் சொல்லித் தர மாட்டார்கள். எட்டுப் பேர் கொண்ட கூட்டத்துக்கு ஒரே பாட்டில். அதை வைத்துக்கொள்கிறவள் பேச்சியக்கா. கஞ்சி குடிக்க உட்காரும்போது அவள் வரிசையாக எல்லோர் தலையையும் அண்ணாத்திப் பிடித்துச் சொட்டுவிடுவாள். "ஏளா, டாக்டரம்மா வந்துட்டா, கண்ணத் தொறங்க" என்று கேலி செய்வார்கள். எரிச்சல் இருக்கிற அன்றைக்கு மட்டும்தான் மற்றவர்கள் கேட்பார்கள். இதை நான் கேள்விப்பட்டபோது பயந்தேன், ஆனால் தவறான காரணத்துக்காகப் பயந்தேன். ஒருத்தி கண்ணிலிருந்து இன்னொருத்தி கண்ணுக்குச் சீழ் பரவிவிடுமே என்று. அதனால் பேச்சியக்காவிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: பாட்டிலின் நுனி யார் இமையிலும் படக் கூடாது, திறந்து ஒரு மாதம் ஆனால் மீதி இருந்தாலும் தூரப் போட்டுவிட வேண்டும். அந்த ஒரு அறிவுரையை நான் சரியாகத்தான் சொன்னேன். அவளும் தலையாட்டினாள். ஆனால் மருந்தைத் தூரப் போடுகிற வழக்கம் அவர்கள் வீட்டில் யாருக்கு இருக்கிறது? மாதக் கடைசி வந்ததும், மீதி இருப்பது வீணாகிவிடக் கூடாதே என்று, எரிச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலையும் மாலையும் தன் இரண்டு கண்ணிலும் ஊற்றித் தீர்த்துவிடுவாளாம். மாதா மாதம். ஒன்பது வருடம். இதை அவள் எனக்குச் சொன்னது போன வாரம்தான். நான் ஒழுங்காகச் சொன்ன ஒரே பேச்சும் அவள் கண்ணுக்குள்தான் போய் விழுந்திருக்கிறது.

போன வருடத்துக்கு முந்தின வருடம் கோடையில் அவள் பார்வை மங்குகிறது என்று சொன்னாள். விளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறது என்றாள். நீ என்றால் அந்த வட்டத்தைக் கேட்டதுமே, கண்ணில் அழுத்தம் ஏறுகிற அடையாளம் என்று எழுந்திருப்பாய். நான் கல்லாவில் உட்கார்ந்தபடியே, "புரையா இருக்கும்க்கா, அவசரமில்ல, மழைக்காலத்துல ஆபரேசன் பண்ணிக்கிடலாம்" என்றேன். உப்பளத்து ஆட்கள் கல்யாணத்தையும் காது குத்தையும் ஆபரேஷனையும் மழைக்காலத்துக்குத்தான் ஒதுக்கி வைப்பார்கள். அப்போதுதான் வேலை இருக்காது. அவள் நான் சொன்னதை நம்பி ஐப்பசிவரை காத்திருந்தாள். அந்த மழைக்கு மகள் பிரசவத்துக்கு வந்துவிட்டாள். அடுத்த மழைக்குப் பேரப்பிள்ளைக்குச் சுகமில்லை. அவசரமில்லை என்று நான் சொல்லியிருந்ததால் அவளுக்கும் அவசரமாகத் தெரியவில்லை. அந்த இரண்டு வருடமும் மாதக் கடைசியில் மிச்ச மருந்தை ஊற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், புரைக்கும் நல்லது என்று நினைத்து.

இனி எழுதப்போவதைத்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

நீ எட்டாவது படிக்கும்போது உனக்கு மெட்ராஸ் ஐ வந்தது ஞாபகம் இருக்கிறதா? வகுப்பில் பாதிப் பேருக்கு வந்து உன்னைத் தொட்டது. இரண்டு கண்ணும் சிவந்து, பீளை ஒட்டி, காலையில் விழிக்க முடியாமல் "அம்மா கண்ணு போயிட்டும்மா" என்று கத்தினாய். நான் கடையைத் திறக்கவில்லை. ஆட்டோ பிடித்து உன்னை டவுனுக்கு, கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். அவர் பார்த்துவிட்டு, இது தானாகப் போகிற நோய், ஆறின வெந்நீரில் துடைத்தால் போதும் என்றார். நான் எழுந்தவள் திரும்பி நின்று, "ஸ்டீராய்டு சொட்டு எதும் வேண்டாம்லா சார்?" என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "அதெல்லாம் வேண்டாம்னு உங்களுக்கே தெரியுதே" என்றார். எனக்குத் தெரிந்திருந்தது, தம்பி. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அந்தச் சின்ன எழுத்துத் தாளை ஒன்றுவிடாமல் வாசிக்கிறவள் நான். டாக்டர் பார்வையில் இல்லாமல் தொடர்ந்து போட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், நரம்பு கெடும் என்று அதில் போட்டிருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலம் உன்னைப் படுக்க வைத்துவிட்டுக் கடையைத் திறந்தேன். முதலில் வந்தவள் பேச்சியக்கா. "தம்பிக்குக் கண்ணு எப்படி இருக்கு" என்று கேட்டாள். பிறகு பாட்டில் தீர்ந்துவிட்டது என்றாள். எடுத்துக் கொடுத்தேன்.

உன் கண் ஒரு கண்ணாகவும் அவள் கண் வேறு கண்ணாகவும் எனக்கு இருந்திருக்கிறது. அன்றைக்கு அது எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் இன்றைக்கு என்னால் தாங்க முடியாதது. தெரியாமல் செய்தவளுக்கு ஒரு ஆறுதல் இருக்கிறது. எனக்கு அது இல்லை.

உன் போன் வந்த மறுநாள் பேச்சியக்கா வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த சொட்டை நேரம் பார்த்து ஊற்றிக்கொண்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். உன்னைப் பற்றித்தான் முதலில் பேசினாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போன பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் போட்டுக் கொடுத்தாய் என்றும், வலது கண் இனி வராது, இருக்கிற இடது கண்ணைக் காப்பாற்றுவோம் என்று டாக்டர் சொன்னபோது கையைப் பிடித்துக்கொண்டாய் என்றும் சொன்னாள். நான் உன்னிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். "வேண்டாம் தங்கச்சி" என்றாள். நான் அழுதேன். அவள் அழவில்லை.

"ஏன்க்கா அப்படிச் சொன்னிய, கேம்புன்னு?"

"புள்ளைக்கு முன்னால தாயக் கைகாட்டச் சொல்லுதியா?" என்றாள். பிறகு, "அது மட்டும் இல்ல. உன்னச் சொன்னா அடுத்தாப்புல என்னச் சொல்லணும். மருந்து உன் கடையில உள்ளது. அவளுவ கண்ணுல ஊத்துனது என் கையில்லா" என்றாள்.

அப்போதுதான் எனக்கு மற்ற ஏழு பேரின் நினைவு வந்தது. இத்தனை நாளும் என் குற்றத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்ததில் அவர்கள் எனக்குத் தெரியவே இல்லை. பேச்சியக்கா மட்டும் தினமும் அவர்களை நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். ஆறு மாதம், கேம்ப் என்று உன் கேஸ் ஷீட்டில் இருக்கிறவரை அவர்கள் ஏழு பேரையும் யாரும் தேட மாட்டார்கள். அவர்களாகவும் வர மாட்டார்கள். வலிக்காத நோய்க்கு யார் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்? தூணில் இடித்துக்கொள்கிற நாள்வரை உப்புச் சுமந்துகொண்டுதான் இருப்பார்கள். இவளுடைய இடது கண்ணும், ஆறு மாதம்தானே என்ற தப்பு நம்பிக்கையில், ஆபரேஷன் இல்லாமல் காத்துக்கொண்டு இருக்கும்.

உன் அப்பாவிடம் சொன்னேன். லைசென்ஸ் போய்விடும் என்றார். போகலாம். பிறகு, "அவன்ட்ட எப்பச் சொல்லப் போற" என்று மட்டும் கேட்டார். அந்த மருந்தை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன். கண் சிவந்து வந்த இரண்டு பேரை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். தலையாட்டிவிட்டு அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள். நான் ஒன்பது வருடம் போட்ட பாதை அது. ஒரு வாரத்தில் மாறாது.

நேற்றுக் கஞ்சி நேரத்துக்குக் கடையைப் பூட்டிவிட்டு உப்பளத்துக்குப் போனேன். இத்தனை வருடத்தில் அங்கே நான் போனது அதுதான் முதல் தடவை. செருப்பைக் கழற்றி வரப்பில் நடந்தேன். கொஞ்ச நேரத்திலேயே கண் கூசித் தண்ணீர் கொட்டியது. கையால் மறைத்துக்கொண்டு நடந்தேன். ஒரு கறுப்புக் கண்ணாடி இதில் பாதியைத் தடுத்திருக்கும் என்று அப்போது உறைத்தது. எப்போதோ ஒரு தடவை அதைச் சொன்னேன். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு உப்புச் சுமந்தால் மேஸ்திரி சினிமாக்காரி என்று சொல்லிச் சிரிப்பான் என்றார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு மருந்தை எடுத்துக் கொடுத்தேன். அந்த ஏழு பேருக்காகவாவது சொல்லியாக வேண்டும் என்றதும் ஒத்துக்கொண்ட பேச்சியக்கா எனக்கு முன்னாலேயே வந்து ஓலைக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணை மறைக்க உன் பழைய பள்ளிக்கூடத் தொப்பியைத்தான் வைத்திருந்தாள். எப்போதோ நான் கொடுத்தது.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். அந்த மருந்து கெடுதல் என்று எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். மாரித்தாய் என்று ஒருத்தி இருக்கிறாள், நீ பார்த்தால் தெரியும், இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு உள்ளவள். பேச்சியக்காவுக்கு அடுத்தபடியாக அந்த மருந்தை அதிகம் போட்டுக்கொண்டவள் அவள்தான். கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "நாங்க எழுத்தறியாம ஊத்துனோம். நீ அறிஞ்சு குடுத்திருக்க." பேச்சியக்கா குறுக்கே வந்தாள். "ஊத்துன கை இங்கன இருக்கு. ஏசுறதுன்னா என்னையும் சேத்து ஏசு" என்றாள். மாரித்தாய் அவளை ஏசவில்லை. எழுந்து போய்ப் பாத்தியில் இறங்கிவிட்டாள். மற்ற ஆறு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். அதில் மூத்தவள், "வலிக்கவே இல்லியே, எப்படிளா கண்ணு போவும்" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நீ எனக்குச் சொல்லிக் கொடுத்தபடி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பக்கவாட்டில் என் விரல் தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னேன். ஐந்து பேருக்குத் தெரிந்தது. ஒருத்தி தெரிகிறது என்று சொல்வதற்குக் கொஞ்சம் தாமதித்தாள். நான் விரலை நன்றாக முன்னுக்குக் கொண்டுவந்த பிறகுதான் சொன்னாள்.

ஒரு நாள் வேலை போனால் போகட்டும் என்று மேஸ்திரியிடம் அவர்களே பேசிக்கொண்டார்கள். வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் அவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். பேச்சியக்கா வருகிறாள். ஆறு பேர் வருவார்கள். மாரித்தாய் வருவாளா என்று தெரியவில்லை. அவளுக்கும் சேர்த்து ஓர் இடம் போட்டு வைப்பேன். உன் அப்பா நாளைக் காலை அந்தப் பக்கம் வருகிறார், இதை உன் கையில் கொடுத்துவிடுவார். வியாழக்கிழமைக்கு முன் நீ வாசித்துவிட வேண்டும். முதல் வேலையாக உன் பேராசிரியரிடம் போ. ஆறு மாதம் என்பதை அடித்துவிட்டு ஒன்பது வருடம் என்று எழுது. கேம்ப் என்பதை அடித்துவிட்டு மருந்துக்கடை என்று எழுது. யாருடைய கடை என்று அவர் கேட்டால் சொல். அவர் எல்லோர் முன்பும் உன்னைப் பாராட்டியதை உன்னிடமிருந்து பிடுங்குகிறேன் என்று எனக்குத் தெரிகிறது. பெற்றவள் செய்யக் கூடாத காரியம்தான். ஆனால் அந்தப் பாராட்டை நீ வைத்துக்கொண்டால் பேச்சியக்காவின் இடது கண் அதற்கு விலையாகப் போகும்.

என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. அது உன் கையில் இல்லை, அந்த எட்டுப் பேரிடம் இருக்கிறது. அவர்களும் தர வேண்டும் என்று இல்லை. உன்னிடம் கேட்பது ஒன்றுதான். வியாழக்கிழமை அவர்களை வரிசையாக உட்கார வைத்து, பொங்கல் மறுநாள் கேட்ட அதே மூன்று கேள்விகளையும் கேள். என்ன மருந்து, எத்தனை நாளாக, யார் கொடுத்தது. பேச்சியக்காவிடமும் மறுபடி கேள். மூன்றாவது கேள்வியைக் கேட்கும்போது மட்டும் கையில் இருக்கிற சீட்டையோ பாட்டிலையோ பார்க்காதே. தலையை நிமிர்த்தி, அவர்கள் பார்க்கிற பக்கம் திரும்பிப் பார். நான் அங்கே நிற்பேன்.

அம்மா